பழைய இரட்டைக்குழல் துப்பாக்கிகள்: ஐரோப்பாவிலிருந்து அமெரிக்கா எடுத்ததும் மாற்றியதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுமார் 1850 முதல் 1940 வரை செய்யப்பட்ட, நடுவில் மடக்கித் தோட்டா போடும் இரட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கிகளைப் பற்றிய பக்கம் இது. யாருடைய யோசனை யாரிடம் போனது, போன இடத்தில் என்ன ஆனது என்பதுதான் இங்கே பேச்சு. விலை, உரிமம், வாங்குவது விற்பது எதுவும் இதில் கிடையாது.

மடக்கும் துப்பாக்கியை முதலில் செய்தது யார்? இங்கிலாந்துதானே?

இல்லை, பிரான்ஸ். பாரிஸில் இருந்த காசிமிர் லெஃபோஷோ 1830-களில் குழலைக் கீலில் மாட்டி, முன்பக்கம் கீழே சாயும்படி செய்தார். குழலின் வாய்வழியாக வெடிமருந்து கொட்டிக் கோலால் இடித்துக்கொண்டிருந்த காலத்தில் பின்பக்கமாகத் தோட்டாவைச் செருகுவது பெரிய பாய்ச்சல். ஆனால் லண்டன்காரர்கள் கொஞ்ச காலம் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. 1851-இல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சிக்கு லெஃபோஷோவின் துப்பாக்கிகள் வந்தன. அதற்குப் பிறகுதான் ஜோசஃப் லாங் போன்ற லண்டன் கைவினைஞர்கள் அதே மாதிரியில் செய்யத் தொடங்கினார்கள்.

அதே நேரம், துப்பாக்கியின் உருவம், அதாவது அதன் மெலிவு, இரண்டு குழலுக்கும் நடுவே உயர்ந்து ஓடும் ரிப், கையில் எடுத்ததும் தோளுக்குத் தானாக வரும் சமநிலை, இதெல்லாம் லண்டனுடையது. அதற்கு முன்னோடி 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேலை செய்த ஜோசஃப் மாண்டன். ஜேம்ஸ் பர்டி, தாமஸ் பாஸ், ஜோசஃப் லாங் எல்லோருமே அவருடைய பட்டறை வழியாக வந்தவர்கள். ஆக, பிரெஞ்சுக்காரரின் கீலும் மாண்டனின் உருவமும் சேர்ந்ததுதான் நாம் இன்று பார்க்கும் இரட்டைக்குழல். அமெரிக்கா இந்தத் தொழிலுக்கு வரும்போது இந்த இரண்டும் ஏற்கெனவே ஒன்றாகிவிட்டிருந்தன.

பிறகு இங்கிலாந்து என்னதான் சேர்த்தது?

பூட்டும் முறையைச் சேர்த்தது. லெஃபோஷோவின் துப்பாக்கி மடங்கியது, ஆனால் மூடிய பிறகு இறுக்கமாக நிற்கவில்லை. வெடிக்கும்போது குழல் கீலைச் சுற்றித் திறந்துகொள்ளப் பார்க்கும், பின்பக்கச் சுவரிலிருந்து (குழலின் பின்முனையை மூடும் இரும்பு முகம்) விலகப் பார்க்கும். அதைத் தடுக்க ஆளாளுக்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள்.

1862-இல் பர்மிங்ஹாமின் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் ரிப்பின் பின்முனையை நீட்டி, ஒரு உருண்டையான தலை வைத்து, அது பின்சுவரின் மேலே உள்ள குழியில் போய் உட்காரும்படி செய்தார். பொம்மைத்தலை என்றே அதற்குப் பெயர் வந்தது. 1863-இல் பர்டி குழலின் அடியில் இருக்கும் லம்ப் என்கிற இரும்புத் துண்டுகளில் இரண்டு வெட்டுகள் போட்டு, ஒரு தட்டையான போல்ட் முன்னும் பின்னும் நகர்ந்து அவற்றைக் கவ்வும்படி செய்தார். 1865-இல் பர்மிங்ஹாமின் டபிள்யூ. அண்ட் சி. ஸ்காட் நிறுவனத்திலிருந்து ஒரு சின்னச் செங்குத்துத் தண்டு வந்தது. மேலே இருக்கும் நெம்பைக் கட்டைவிரலால் தள்ளினால் அடியில் இருக்கும் பர்டி போல்ட் பின்னால் போகும். மேல்நெம்பு, ஸ்காட் தண்டு, பர்டி போல்ட் மூன்றும் சேர்ந்த கூட்டணிதான் உலகம் முழுக்க நிலைத்தது.

1875-இல் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸில் வேலை செய்த வில்லியம் ஆன்சனும் ஜான் டீலியும் இன்னொன்று செய்தார்கள். அதற்கு அடுத்த கேள்வி.

பாக்ஸ்லாக், சைடுலாக் என்கிறார்களே, என்ன வித்தியாசம்?

சுடும் பொறி எங்கே இருக்கிறது என்பதுதான் வித்தியாசம். சைடுலாக்கில் அது இரண்டு பக்கத் தகடுகளின் உள்முகத்தில் பொருத்தப்பட்டிருக்கும், தகட்டைக் கழற்றினால் மொத்தப் பொறியும் கூடவே வந்துவிடும். பழைய சக்கிமுக்கித் துப்பாக்கியிலிருந்தே வரும் ஏற்பாடு அது. ஆன்சனும் டீலியும் அந்தப் பொறியைத் துப்பாக்கியின் நடுப்பகுதியான ஆக்‌ஷனின் இரும்புக் கட்டைக்கு உள்ளேயே அடக்கிவிட்டார்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் குதிரை (தோட்டாவை வெடிக்கவைக்கத் தட்டும் சுத்தியல்) கிடையாது. குழலை மடக்கும்போது முன்கட்டை இரண்டு சின்ன நெம்புகளை அழுத்தி, உள்ளே இருக்கும் குதிரைகளைத் தானாக ஏற்றிவிடும். உறுப்புகள் மிகக் குறைவு, பாகம் பாகமாக இயந்திரத்தில் கடையலாம், விலையும் இறங்கியது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு கண்டுபிடிப்பைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் 1875-ஐ வைத்துக்கொள்ளுங்கள். பெல்ஜியத்தின் லியேஜ், ஜெர்மனியின் சூல், ஸ்பெயினின் எய்பார் என்று ஐரோப்பா முழுக்க இன்றுவரை நகலாவது அதுதான்.

லண்டனின் பெரிய நிறுவனங்கள் மட்டும் சைடுலாக்கை விடவில்லை. 1880-இல் ஃப்ரெட்ரிக் பீஸ்லி கண்டுபிடித்து பர்டிக்கு விற்ற ஆக்‌ஷன், அப்புறம் ஹாலண்ட் அண்ட் ஹாலண்டின் ராயல், இரண்டுமே சைடுலாக்தான். பீஸ்லியின் யோசனை எனக்கு மிகவும் பிடிக்கும். முக்கிய வில்லே (ஆங்கில வி எழுத்து வடிவ மடிப்புவில்) குதிரையையும் தள்ளும், நெம்பைத் தள்ளியதும் குழலையும் திறந்துவிடும். மூடும்போதுதான் கொஞ்சம் பலம் வேண்டும். பக்கத்தில் ஒருவர் நின்று தோட்டா போட்டுத் தர, ஒருவர் சுட்டுக்கொண்டே இருக்கும் வேட்டைக்கு இதைவிடப் பொருத்தமானது வேறில்லை.

அமெரிக்க இரட்டைக்குழல்கள் எல்லாம் ஆங்கிலேயத் துப்பாக்கியின் நகல்தானே?

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள், இதற்காகத்தான் இந்தப் பக்கமே. மேலோட்டமாகப் பார்த்தால் ஆமாம் என்றுதான் தோன்றும். மேல்நெம்பு, கீல், ரிப், உள்ளடங்கிய குதிரை என்று எல்லாமே அட்லாண்டிக்கைத் தாண்டி வந்தவை. ஆனால் துப்பாக்கியைத் திறந்து எப்படிப் பூட்டுகிறது என்று பார்த்தீர்களானால் வேறொரு சிந்தனை தெரியும்.

லண்டன் துப்பாக்கி ஒரு விஷயத்தை நம்பிச் செய்யப்பட்டது: பருவம் முடிந்ததும் அது செய்தவரிடமே திரும்பிப் போகும், அவர் பிரித்துத் துடைத்து, தளர்ந்த இடத்தை அரத்தால் சரிசெய்து, அடுத்த பருவத்துக்குத் தருவார். அதனால் போல்டும் லம்பும் புகைக்கரி தடவி உரசிப் பார்த்து உரசிப் பார்த்து, மயிரிழை இடைவெளி இல்லாமல் கையால் பொருத்தப்பட்டன. தேய்மானத்துக்கு என்று தனி ஏற்பாடு பெரும்பாலும் இருக்காது, அதைப் பார்த்துக்கொள்ளத்தான் ஆள் இருக்கிறாரே.

அமெரிக்காவில் வாங்கியவர் யார்? இல்லினாய்ஸ் பண்ணைக்காரர், செசபீக் விரிகுடாவில் சந்தைக்கு வாத்து சுடுகிறவர், ரயில் நிலையத்திலிருந்து ஒரு நாள் தூரத்தில் கடை வைத்திருப்பவர். அந்தத் துப்பாக்கி திரும்பவும் தொழிற்சாலையைப் பார்க்கப் போவதே இல்லை. போதாக்குறைக்கு அவர் போடும் தோட்டாவும் கனமானது. ஆகவே அங்கே வடிவமைத்தவர்கள் கேட்டுக்கொண்ட கேள்வி, 'இது தேய்ந்த பிறகு தன்னைத்தானே எப்படி இறுக்கிக்கொள்ளும்?' என்பதுதான். அமெரிக்கத் துப்பாக்கிகளில் தனித்தன்மை என்று சொல்லத்தக்க ஏறக்குறைய எல்லாமே இந்த ஒரு கேள்வியிலிருந்து பிறந்தவை என்பது என் கருத்து.

எல்.சி. ஸ்மித் என்ற அமெரிக்கத் துப்பாக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். ரிப்பின் பின்முனை நாக்கு மாதிரி நீண்டிருக்கும், இதுவரை ஐரோப்பாதான். ஆனால் அதைப் பிடிப்பது நெம்போடு சேர்ந்து சுழலும் ஒரு உருளை போல்ட். அதன் கவ்வும் முகம் சாய்வாகக் கடையப்பட்டிருக்கிறது. புதிதாக இருக்கும்போது கொஞ்சம் சுழன்றதுமே இறுகி நின்றுவிடும், தேயத் தேய இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் சுழன்று அதே இறுக்கத்தைத் தரும். இதை வெளியிலிருந்தே பார்க்கலாம்: மூடிய துப்பாக்கியில் மேல்நெம்பு நடுக்கோட்டுக்கு வலப்பக்கம் நின்றால் இன்னும் தேய்மானத்துக்கு இடம் இருக்கிறது, நடுவில் நின்றால் நன்றாக உழைத்திருக்கிறது, இடப்பக்கம் போய்விட்டால் கதை முடிந்துகொண்டிருக்கிறது. பழைய அமெரிக்கத் துப்பாக்கி சேகரிப்பவர் எவரும் கையில் எடுத்ததும் முதலில் பார்ப்பது நெம்பு எங்கே நிற்கிறது என்பதைத்தான். ஃபாக்ஸ் என்ற இன்னொரு அமெரிக்கத் துப்பாக்கியிலும் இதே சுழல் போல்ட், 1926-இல் இதாகா நிறுவனம் கொண்டுவந்த புதிய மாடலிலும் இதே.

நியூயார்க் மாநிலம் சிரக்கியூஸில் இருந்த டேனியல் லெஃபீவர் இன்னும் ஒரு படி மேலே போனார். கீலின் இடத்தில் வழக்கமான குறுக்கு ஊசியை எடுத்துவிட்டு, உருண்டைத் தலை கொண்ட ஒரு திருகை வைத்தார். முன்னால் இருந்து திருப்புளியால் அதைக் கொஞ்சம் உள்ளே திருகினால் தளர்ந்துபோன குழல் மறுபடியும் பின்சுவரோடு ஒட்டிக்கொள்ளும். லண்டனில் ஒரு தேர்ந்த ஆள் நாள் முழுக்க உட்கார்ந்து செய்யும் வேலையை, பண்ணை வீட்டில் இருப்பவரே செய்துகொள்ளலாம். இதை யாரும் ஐரோப்பாவிலிருந்து எடுக்கவில்லை.

அப்படியானால் பார்க்கர்? அதுதானே அமெரிக்கத் துப்பாக்கிகளில் பெரிய பெயர்?

பெயரில் பெரியதுதான், சந்தேகமே இல்லை. கனெக்டிகட் மாநிலத்து மெரிடன் நகரில், உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு சார்ல்ஸ் பார்க்கரின் குடும்ப நிறுவனம் தொடங்கியது. 1934-இல் ரெமிங்டன் வாங்கி, பின்பு உற்பத்தியை இலியனுக்கு மாற்றி, இரண்டாம் உலகப் போர் வந்ததும் நின்றுபோகும் வரை ஏறக்குறைய 2,42,000 துப்பாக்கிகள். ஆனால் மேலே சொன்ன கணக்குக்கு இது ஒரு விதிவிலக்கு. பார்க்கர்தான் அமெரிக்காவில் ஆங்கிலேய முறைக்கு மிக நெருக்கமாக இருந்த நிறுவனம். அடியில் ஒற்றைப் போல்ட், மேலே வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் பாணியில் பொம்மைத்தலை (1912-ஐ ஒட்டி வந்த மலிவு வகையான ட்ரோஜனில் அது கிடையாது). சுழல் போல்ட் இல்லை. இறுக்கமெல்லாம் கைப்பொருத்தத்தில்.

அங்கும் அமெரிக்கக் கேள்வி வராமல் போகவில்லை. பிற்காலப் பார்க்கர்களில் போல்ட் கவ்வும் இடத்தில் கழற்றி மாற்றத்தக்க ஒரு கெட்டி எஃகுத் துண்டைப் பதித்தார்கள். தேய்ந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும், லம்பைத் தொட வேண்டாம். குதிரையைத் தள்ளும் வில்லும் ஆங்கிலேய மடிப்புவில் இல்லை, உடைந்தாலும் கொஞ்சம் வேலை செய்யக்கூடிய சுருள்வில்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். பார்க்கரின் உட்பொறி தேவைக்கு அதிகமாகச் சிக்கலானது. வெளியே பார்க்க அவ்வளவு அமைதியான துப்பாக்கி, உள்ளே ஏகப்பட்ட உறுப்புகள். நிறுவனமே 1917-ஐ ஒட்டி உறுப்புகளைக் குறைத்து ஆக்‌ஷனைத் திருத்த வேண்டியிருந்தது.

எல்.சி. ஸ்மித் சைடுலாக் ஆச்சே, அப்படியானால் அது பர்டிக்குச் சமமா?

தோற்றத்தில் மட்டும். பர்டி, ஹாலண்ட் சைடுலாக்கில் பொறியை மிக நுணுக்கமாகச் செய்து, துப்பாக்கி கீழே விழுந்து குதிரை நழுவினாலும் இடைமறிக்கும் இரண்டாவது கொக்கி ஒன்றை வைப்பார்கள். எல்.சி. ஸ்மித்தின் சைடுலாக் அதைவிட எவ்வளவோ எளிது, நேரடியானது. எனக்கு அதில் குறையே தெரியவில்லை, கெடுவதற்கு அதில் அதிகம் எதுவும் இல்லை. உண்மையான பலவீனம் இரும்பில் இல்லை, மரத்தில். பக்கத் தகடு முடியும் இடத்தில் கட்டை மெலிந்துவிடுவதால், பல பத்தாண்டு அதிர்ச்சியில் தகட்டுக்குப் பின்னால் நீளவாக்கில் விரிசல் விழும். எந்த எல்.சி. ஸ்மித்தை எடுத்தாலும் முதலில் அந்த இடத்தில் விரலை ஓட்டிப் பார்ப்பார்கள்.

கூடுதலாக ஒரு செய்தி: லைமன் கார்னீலியஸ் ஸ்மித் 1880-களின் இறுதியில் துப்பாக்கித் தொழிலை ஃபுல்டன் நகரத்து ஹன்டர் குடும்பத்துக்கு விற்றுவிட்டுத் தட்டச்சுப்பொறிக்குப் போய்விட்டார். ஸ்மித்-கரோனா என்று பிற்காலத்தில் உலகம் அறிந்த பெயரில் வரும் ஸ்மித் இவர்தான். சுழல் போல்ட்டை வடிவமைத்த அலெக்சாண்டர் பிரவுனும் அவருடைய முதல் தட்டச்சுப்பொறியை வடிவமைத்தவரும் ஒரே ஆள்.

ஃபாக்ஸ் பற்றி?

ஃபிலடெல்ஃபியாவில் ஆன்ஸ்லி ஃபாக்ஸ் 1900-களின் முதல் பத்தாண்டில் தொடங்கியது. எல்லோரும் ஆன்சன்-டீலியின் எளிமையைப் புகழ்ந்துகொண்டிருந்தபோது, அதையும்விட எளிதாக்கலாம் என்று செய்துகாட்டினார். குதிரையும் தோட்டாவைக் குத்தும் ஊசியும் ஒரே துண்டு. ஒரு பக்கத்துப் பொறி என்பது அந்தத் துண்டு, அதைப் பிடிக்கும் கொக்கி, ஒரு சுருள்வில், அவ்வளவுதான். கூடவே தேய்மானத்தை ஈடுகட்டும் சுழல் போல்ட். ஐரோப்பிய யோசனையை அமெரிக்கத் தேவைக்கு முழுமையாகத் திருப்பியது எது என்று கேட்டால் நான் ஃபாக்ஸைத்தான் காட்டுவேன், பார்க்கரை அல்ல. தியோடர் ரூஸ்வெல்ட் 1909-இல் ஆப்பிரிக்கப் பயணத்துக்கு எடுத்துப்போன இரட்டைக்குழல் ஒரு ஃபாக்ஸ். 1929-இல் சாவேஜ் நிறுவனம் இதை வாங்கிவிட்டது.

ஜெர்மனி, பெல்ஜியம் துப்பாக்கிகளில் மேலே ஒரு குறுக்குத் தாழ் இருக்கிறதே?

அது கிரீனருடையது. பர்மிங்ஹாமின் டபிள்யூ. டபிள்யூ. கிரீனர் ரிப்பின் நீட்சியில் ஒரு துளை போட்டு, பின்சுவரின் குறுக்காக ஒரு உருண்டை போல்ட் அதன் வழியே போகும்படி செய்தார். வீட்டுக் கதவின் தாழ்ப்பாளேதான். லண்டனில் இதற்குப் பெரிய மரியாதை கிடைக்கவில்லை. அடியிலுள்ள போல்ட் ஒழுங்காகப் பொருந்தினால் மேலே ஒன்று எதற்கு என்பது அவர்கள் வாதம். ஆனால் சூலிலும் லியேஜிலும் அதைக் கொண்டாடினார்கள். ஜெர்மானியர்கள் இன்றும் அந்தத் தாழைக் கிரீனர் பெயராலேயே அழைக்கிறார்கள். மேல்-கீழ் குழலில் அதையே இரட்டையாக்கி இரு பக்கமும் வைத்ததுதான் ஜெர்மனியின் மெர்க்கெல் துப்பாக்கிகளில் பார்க்கும் கெர்ஸ்டன் பூட்டு.

அமெரிக்காவுக்கு ஐரோப்பியச் செல்வாக்கு வந்த வழிகளில் இது முக்கியமானது. நியூயார்க்கின் ஷோவர்லிங், டேலி அண்ட் கேல்ஸ் நிறுவனம் சார்ல்ஸ் டேலி என்ற பெயரில் விற்றவற்றில் மிகச் சிறந்தவை சூலில் லிண்ட்னர் பட்டறையில் செய்யப்பட்டவை. பெல்ஜியத்தின் ஃபிராங்கோட்டும் நியூயார்க் இறக்குமதியாளர்கள் வழியாக வந்தது, அது கச்சிதமான ஆன்சன்-டீலி பாக்ஸ்லாக். பார்க்கர் வாங்கப் பணம் இருந்த அமெரிக்கர், பக்கத்தில் இதையும் வைத்து ஒப்பிட்டுத்தான் வாங்கினார்.

டமாஸ்கஸ் குழல் என்றால் என்ன? அமெரிக்கர்கள் அதைத் தாங்களே செய்தார்களா?

இரும்பையும் எஃகையும் மாற்றி மாற்றி அடுக்கி, கம்பியாக இழுத்து, முறுக்கி, அந்த முறுக்கிய பட்டையை ஒரு கோலைச் சுற்றி வளைத்துக் காய்ச்சி அடித்து ஒட்டவைப்பார்கள். பிறகு அமிலம் பட்டதும் இரும்பு ஒரு நிறம், எஃகு ஒரு நிறம் என்று கோலம் எழும்பும். இதில் உலகத் தலைநகரம் பெல்ஜியத்தின் லியேஜ் வட்டாரம், குறிப்பாக வெஸ்த்ரு ஆற்றுப் பள்ளத்தாக்கு. அமெரிக்க நிறுவனங்கள் பெரும்பாலும் அங்கிருந்து முரட்டுக் குழல்களாக வரவழைத்து, தங்கள் ஆலையில் உள்துளையைக் கடைந்து முடித்தார்கள். அதாவது அமெரிக்கத் துப்பாக்கி என்றே பெயர்பெற்ற பழைய பார்க்கரின் டமாஸ்கஸ் குழல் பெரும்பாலும் பெல்ஜியத்துக் கொல்லனின் கைவேலை. பர்மிங்ஹாமும்கூட கணிசமாக பெல்ஜியக் குழல்களையே வாங்கியது.

பின்னர் எஃகுக் குழல் வந்தது. மான்செஸ்டரின் சர் ஜோசஃப் விட்வொர்த் உருகிய எஃகை அழுத்தத்தில் இறுகவைத்தார், அதை பர்டி எடுத்துக்கொண்டது, பார்க்கரும் தன்னுடைய மிக உயர்ந்த வகைகளுக்கு அதையே வரவழைத்தது. ஜெர்மனியில் எஃகுக் குழலுக்கு க்ரூப் நிறுவனம். அதற்குக் கீழான வகைகளுக்கு பார்க்கர் வைத்த டைட்டானிக், வல்கன் போன்ற எஃகுப் பெயர்களில் விளம்பர வாடைதான் அதிகம்.

ஆங்கிலேயத் துப்பாக்கி லேசாகவும் அமெரிக்கத் துப்பாக்கி கனமாகவும் இருப்பது ஏன்?

வேட்டை வேறு, அதனால்தான். இங்கிலாந்தின் பெரிய நிலச்சுவான்தார் வேட்டையில் ஆட்கள் பறவைகளை விரட்டி வருவார்கள், சுடுகிறவர் ஒரே இடத்தில் நின்று நூற்றுக்கணக்கில் சுடுவார். கை அசராமல் இருக்க வேண்டும், மேலே போகும் பறவையோடு சேர்ந்து வீச வேண்டும். கிரீனர் ஒரு கணக்குச் சொன்னார்: துப்பாக்கியின் எடை ஈயக்குண்டின் எடையைப் போல் 96 மடங்கு இருந்தால் தோள் வலிக்காது. 1⅛ அவுன்ஸுக்கு 6¾ பவுண்டு, அதாவது 3 கிலோவுக்குச் சற்று மேல். நேர்ப்பிடிக் கட்டை, மெல்லிய முன்கட்டை, இரண்டு விசை. இதெல்லாம் சேர்ந்துதான் அந்த நேர்த்தி.

அமெரிக்கர் வாத்துக்கும் வான்கோழிக்கும் போனார், தூரத்தில் சுட்டார், அதிகக் குண்டு போட்டார், அதனால் 12-போருக்கே (போர் என்பது குழல் துளையின் அளவு) 3½ கிலோ வரை சர்வசாதாரணம். 30, 32 அங்குலக் குழல், இறுக்கமான சோக் (அடுத்த கேள்வியில் வரும்), கைத்துப்பாக்கி மாதிரி வளைந்த பிடி. பழைய அமெரிக்கக் கட்டைகள் குதிகால் பக்கம் 3 அங்குலம் வரை கீழே இறங்கியிருக்கும், தலையை நிமிர்த்தி வைத்துச் சுட்ட காலத்துப் பழக்கம் அது. இன்றைக்குச் சுடுகிறவர்களுக்கு இது பெரும்பாலும் ஒத்துவராது, லண்டன் கட்டைதான் இன்றைய அளவுக்கு அருகில் இருக்கிறது.

சோக்கைக் கண்டுபிடித்தது அமெரிக்காவா இங்கிலாந்தா?

குழலின் வாயை லேசாகக் குறுக்கி குண்டுகளை நெருக்கமாகப் போகவைப்பதுதான் சோக். இங்கிலாந்தில் நியூகாசிலின் பேப் 1866-இல் காப்புரிமை பெற்றார். மாசசூசெட்ஸின் சில்வஸ்டர் ரோப்பர் 1868-இல் கழற்றி மாட்டும் சோக்குக்குக் காப்புரிமை பெற்றார். இல்லினாய்ஸ் வாத்து வேட்டைக்காரர் ஃபிரெட் கிம்பிள் அதே காலத்தில் தானாகவே கண்டடைந்ததாகச் சொன்னார். கிரீனர் 1874-இல் அதை ஒழுங்கான முறையாக்கி, 1875-இல் லண்டனில் நடந்த பொதுச் சோதனையில் வென்று, உலகத்தை நம்பவைத்தார். இரண்டு கரையிலும் ஒரே சமயத்தில் முளைத்த யோசனை, ஒருவருக்கு மட்டும் மாலை போட வேண்டியதில்லை.

1890-இல் ஏதோ வரி வந்தது என்கிறார்களே, அதற்கும் வடிவமைப்புக்கும் என்ன தொடர்பு?

நிறையவே. அதுவரை பர்மிங்ஹாம் துப்பாக்கிகள் அமெரிக்காவில் தாராளமாக விற்றன. டபிள்யூ. அண்ட் சி. ஸ்காட்டுக்கு அது மிகப் பெரிய சந்தை. 1880-ஐ ஒட்டிய சில ஆண்டுகள் அமெரிக்காவின் வின்செஸ்டர் நிறுவனமே பர்மிங்ஹாமில் செய்த இரட்டைக்குழல்களை வரவழைத்துத் தன் பெயரில் விற்றிருக்கிறது. 1890-இன் மெக்கின்லி இறக்குமதி வரிச்சட்டம் அந்தக் கதவைச் சாத்தியது. ஸ்காட் தள்ளாடி, 1897-இல் வெப்லியோடு இணைந்து வெப்லி அண்ட் ஸ்காட் ஆனது. அமெரிக்க நிறுவனங்களுக்குத் தங்கள் வழியில் போக நல்ல இடைவெளி கிடைத்தது. மேலே சொன்ன ஃபாக்ஸ் பிறந்தது இந்த வேலிக்குள்தான்.

வின்செஸ்டர் 21 எந்தப் பக்கம்?

இதுதான் சுவாரசியம். 1931-இல் சந்தைக்கு வந்த இந்தத் துப்பாக்கி, நாற்பது வருட அமெரிக்க வழக்கத்தைத் தூக்கி எறிந்தது. மேலே நாக்கும் இல்லை, சுழல் போல்ட்டும் இல்லை. அடியில் ஒற்றைப் போல்ட் மட்டும். தோற்றத்தில் லண்டனின் கொள்கைக்கே திரும்பிவிட்டது. ஆனால் அதை நிறுத்தியது அரமும் புகைக்கரியும் இல்லை, உலோகவியல். ஒவ்வொரு குழலும் தன் அடி லம்பின் பாதியோடு ஒரே துண்டாக அடிக்கப்பட்டு, இரண்டும் புறாவால் இணைப்பில் (புறாவின் வால்போல விரிந்த பல்லும் பள்ளமும்) ஒன்றோடொன்று செருகப்பட்டன. பித்தளை ஒட்டு வைத்துக் காய்ச்சினால் எஃகு இளகும், அந்தப் பிரச்சினையே இதில் எழாது. ஆக்‌ஷனும் நீளமானது, அதனால் கீலுக்கும் பின்சுவருக்கும் நடுவே நெம்புபலம் கூடுகிறது. அளவுக்கு மிஞ்சிய சோதனைத் தோட்டாக்கள் 2,000 சுட்டும் அசையவில்லை என்று நிறுவனம் காட்டியது, ஜான் ஓலின் இந்தத் துப்பாக்கியின் மேல் வைத்த பிடிவாதம் அப்படி. நிறுவனம் அவர் குடும்பத்தின் கைக்கு வந்ததும் அதே 1931 இறுதியில்தான்.

பெரும்பொருளாதார வீழ்ச்சியின் நடுவில் இப்படி ஒன்றைச் செய்தார்கள் என்பது எனக்கு இன்னும் வியப்பு. எடுத்துப் பார்த்தால் பர்டியின் உயிர்ப்பு அதில் இல்லை, கொஞ்சம் கட்டையாகத்தான் இருக்கும். ஆனால் தேய்ந்தால் எப்படி இறுகும் என்ற பழைய கேள்விக்கு 'தேயவே விடமாட்டேன்' என்று பதில் சொன்னது இது ஒன்றுதான்.

மேல்-கீழாக இரண்டு குழல் வைக்கும் பாணி எப்படிப் பரவியது?

1909-இல் லண்டனின் பாஸ் செய்தது நவீன மேல்-கீழ் துப்பாக்கிக்குத் தாய். கீல் குழலுக்கு அடியில் இல்லை, இரு பக்கச் சுவர்களிலும் இருக்கிறது. அதனால் ஆக்‌ஷன் தாழ்வாக, ஒல்லியாக வருகிறது. ஜான் பிரௌனிங் தன் கடைசி வடிவமைப்பில் வேறு வழி எடுத்தார். கீலும் போல்ட்டும் கீழ்க்குழலுக்கு அடியிலேயே, அதனால் ஆழமான ஆக்‌ஷன், ஆனால் தொழிற்சாலையில் செய்யத்தக்கது. 1926-இல் லியேஜ் அருகே எஃப்.என். தொழிற்சாலையில் அவர் இறந்தார், மகன் வால் முடித்து 1931-இல் சூப்பர்போஸ்ட் என்று வெளியிட்டார்கள். அமெரிக்க மூளை, பெல்ஜியக் கை, அமெரிக்கச் சந்தை.

எதிர்த்திசையிலும் போக்குவரத்து உண்டு. 1932-இல் ரெமிங்டன் கொண்டுவந்த மாடல் 32-இல் மேலே ஒரு மூடி சறுக்கிக்கொண்டு வந்து குழலின் மேல் உட்காரும். அமெரிக்காவில் அது நிலைக்கவில்லை. போருக்குப் பிறகு ஜெர்மனியின் க்ரீக்ஹாஃப் அந்த வடிவமைப்பை எடுத்து கே-32 ஆக்கி, பிறகு கே-80 ஆக வளர்த்தது. இன்று டிராப் (பறக்கவிடும் களிமண் தட்டைச் சுடும்) போட்டிகளில் மரியாதையோடு பார்க்கப்படும் ஜெர்மன் துப்பாக்கியின் எலும்பு அமெரிக்காவுடையது.

பிரான்ஸ் லெஃபோஷோவோடு நின்றுவிட்டதா?

இல்லை. சாந்த்-எத்தியேன் நகரின் டார்ன் குழலை மடக்கவே மாட்டேன் என்றது. குழல் அசையாது, பின்பகுதி முழுவதும் பின்னால் சறுக்கும். லேசு, பலமானது, அழகானது. அமெரிக்காவில் இதை யாரும் பின்பற்றவில்லை, இழப்பு அவர்களுக்குத்தான்.

பெயர் அழிந்துபோன துப்பாக்கி எந்த நாட்டுடையது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

குழலைக் கழற்றி அடிப்பக்கம் பாருங்கள். இங்கிலாந்து, பெல்ஜியம், ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின் துப்பாக்கிகளில் பெரும்பாலும் சோதனைச் சாலை முத்திரை இருக்கும். நீள்வட்டத்துக்குள் ஈ.எல்.ஜி. என்ற எழுத்துகளும் மேலே கிரீடமும் இருந்தால் லியேஜ். கிரீடத்தோடு கழுகு, கிரீடத்தோடு யு எழுத்து இருந்தால் 1890-களுக்குப் பிறகான ஜெர்மனி. அமெரிக்காவில் அரசு சோதனைச் சாலை என்று ஒன்று இருந்ததே இல்லை, அதனால் அமெரிக்கத் துப்பாக்கியின் அடியில் தொழிற்சாலையின் சொந்தக் குறிகளும் வரிசை எண்ணும் மட்டும்தான். குறிகள் இல்லாததே ஒரு குறி.

ரிப்பின் மேல் பொறித்த பெயரை நம்ப வேண்டாம். அது பல சமயம் கடைக்காரர் பெயர். நம் நாட்டில் உரிமத்தில் டி.பி.பி.எல். (பின்பக்கம் தோட்டா போடும் இரட்டைக்குழல்) என்று எழுதியிருக்கும் பழைய 12-போர்களில் கல்கத்தாவின் மாண்டன், ராடா போன்ற பெயர்கள் இருக்கும், அடியில் பார்த்தால் பர்மிங்ஹாம் முத்திரை. செய்த கை எது என்பது அங்கேதான் தெரியும்.

பழைய துப்பாக்கியில் இன்றைய தோட்டா போடலாமா?

முகப்பறையின் (குழலில் தோட்டா உட்காரும் இடம்) நீளத்தை அளக்காமல் வேண்டாம். பழைய ஆங்கிலேய 12 பெரும்பாலும் 2½ அங்குலம், அதாவது 65 மி.மீ. தோட்டாவுக்கானது. பழைய அமெரிக்க 12 பல 2⅝ அங்குலத்துக்கானவை. இன்றைய சாதாரணத் தோட்டா 2¾ அங்குலம், 70 மி.மீ. சிக்கல் என்னவென்றால் சுடாத தோட்டா மடிந்திருப்பதால் குட்டையான முகப்பறையிலும் சுலபமாக உள்ளே போய்விடும், விரியும்போதுதான் இடம் போதாமல் அழுத்தம் ஏறும். உள்ளே போகிறது என்பதால் சரி என்று ஆகிவிடாது. 16-இல் இன்னும் கவனம் வேண்டும், அமெரிக்காவில் அது நெடுநாள் 2 9/16 அங்குலமாக இருந்தது. டமாஸ்கஸ் குழல் என்றால் தடிமன் அளக்கும் கருவியுள்ள, இந்த வகைத் துப்பாக்கி தெரிந்த ஒருவர் உள்ளும் புறமும் பார்க்காமல் எதையும் போடக் கூடாது. பட்டைகளுக்கு நடுவே உள்ளுக்குள் பிடித்திருக்கும் துரு வெளியே தெரியாது. ஐரோப்பியக் குழலில் புகையற்ற மருந்துக்கான முத்திரை இருந்தாலும், அது குத்தப்பட்ட நாளின் குழலுக்குத்தான் சாட்சி. அதற்குப் பிறகு யாராவது உள்ளே கடைந்து மெருகேற்றியிருந்தால் அந்த முத்திரையை வைத்து முடிவுசெய்ய முடியாது, புதிதாக அளந்தே ஆக வேண்டும்.